சாகே வகைகளை ருசித்து ஒப்பிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஜப்பானுக்கு வேலைக்கும் படிப்புக்கும் வந்த நம் ஆட்கள் சாகே (அரிசியில் செய்யும் ஜப்பானிய மது) ருசி பார்க்க உட்காருவதைப் பல முறை கூட இருந்து பார்த்திருக்கிறேன். கிடைத்த ஆறேழு பாட்டிலை வரிசையாக வைத்து, ஒன்றன் பின் ஒன்றாகக் குடித்துவிட்டு, "எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு" என்று எழுந்துவிடுவார்கள். நாக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த வரிசையில் எந்த இரண்டு பாட்டிலையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்க முடியாது. அரிசி, தயாரிப்பு முறை, வயது, சூடு என்று எல்லாமே ஒரே நேரத்தில் மாறிக்கொண்டிருக்கும்.

இரண்டிரண்டாகப் பார்க்க வேண்டும். அந்த இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு வித்தியாசம்தான் இருக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இதை ஒட்டியவைதான். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. லேபிளில் ஐந்து விஷயங்களைப் படிக்கப் பழகுங்கள்

கடைக்குப் போகும் முன்பே இது தெரிந்திருக்க வேண்டும். லேபிள் படிக்கத் தெரியாவிட்டால் சரியான ஜோடியை எடுக்க முடியாது.

முதலாவது, அரிசி தீட்டிய அளவு. லேபிளில் சதவீதமாக இருக்கும். அந்த எண் தீட்டிய பின் *மிஞ்சிய* பங்கைக் காட்டுகிறது. புதியவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்வது இங்கேதான். 60% என்றால் 40% தவிடாகப் போய்விட்டது. எண் குறையக் குறைய தீட்டல் அதிகம். 70% அல்லது அதற்குக் கீழே ஹொன்ஜோசோ, 60% அல்லது அதற்குக் கீழே கின்ஜோ, 50% அல்லது அதற்குக் கீழே தாய்கின்ஜோ என்று வகைக்குப் பெயர். அரிசியின் வெளிப்பகுதியில் புரதமும் கொழுப்பும் அதிகம். புரதம் அமினோ அமிலமாக மாறி ருசிக்குக் கனம் கூட்டும். கொழுப்பு பழ வாசனை உருவாவதைத் தடுக்கும். அதனால்தான் நன்றாகத் தீட்டிய அரிசியில் செய்த சாகே மென்மையாகவும் மணமாகவும் இருக்கிறது.

இரண்டாவது, ஜுன்மாய் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அரிசி, கோஜி (பூஞ்சை வளர்த்த அரிசி), தண்ணீர் மட்டும்தான். ஹொன்ஜோசோவிலும், ஜுன்மாய் என்று போடாத கின்ஜோ, தாய்கின்ஜோவிலும் வடித்த ஆல்கஹால் கொஞ்சம் சேர்த்திருப்பார்கள். அரிசியின் எடையில் 10% வரைதான் சேர்க்க அனுமதி. இதைக் கலப்படம் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். பிழிவதற்குச் சற்று முன் ஊறலில் சேர்க்கும்போது, கசடோடு போகவேண்டிய வாசனை சாகேக்குள் இறங்கும், ருசியும் லேசாகும். போட்டிக்கென்று தயாரிக்கும் தாய்கின்ஜோக்களில் பலவும் இந்த வகைதான்.

மூன்றாவது, நிஹொன்ஷு-தோ என்ற எண். கூட்டல் குறி இருந்தால் இனிப்பு குறைவு, கழித்தல் குறி இருந்தால் இனிப்பு அதிகம். இது தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்திதான், ருசியின் அளவு அல்ல. பக்கத்திலேயே புளிப்பின் அளவு இருக்கும், பெரும்பாலும் 1க்கும் 2க்கும் இடையில். +3 என்று போட்ட இரண்டு பாட்டிலில் புளிப்பு 1.2 உள்ளது இனிப்பாகவும், 1.9 உள்ளது வறண்டதாகவும் தெரியும். இரண்டு எண்ணையும் சேர்த்தே படியுங்கள்.

நான்காவது, நமா, கென்ஷூ போன்ற சொற்கள். சாதாரண சாகேயை 60 முதல் 65 டிகிரியில் இரண்டு முறை சூடாக்குவார்கள். நமா என்றால் ஒரு முறை கூட சூடாக்காதது. கென்ஷூ என்றால் பிழிந்த பின் தண்ணீர் சேர்க்காதது. வழக்கமான சாகே 15-16% ஆல்கஹாலோடு இருக்க, கென்ஷூ பெரும்பாலும் 17-20% இருக்கும்.

ஐந்தாவது, தேதி. பெரும்பாலும் அது பாட்டிலில் அடைத்த மாதம். பிழிந்த மாதம் இல்லை. வருடம் ரெய்வா என்ற ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் இருந்தால் 2018ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். ரெய்வா 7 என்றால் 2025. பாட்டிலில் BY (Brewery Year) என்று தயாரிப்பு ஆண்டு போட்டிருந்தால், அது ஜூலையில் தொடங்கி அடுத்த ஜூனில் முடியும் ஆண்டு.

2. ஜோடியாக வாங்குங்கள்

முதல் நாளுக்கு இரண்டு ஜோடி போதும், அதாவது நான்கு பாட்டில். 300 மி.லி. பாட்டில் கிடைத்தால் அதையே எடுங்கள். 720 மி.லி. பாட்டில்தான் இருக்கிறது என்றால் மூன்று நான்கு பேர் சேர்ந்து வாங்குங்கள்.

தீட்டல் ஜோடி: ஆரம்பத்துக்கு இதுதான் நல்லது. யமகுச்சி மாநிலத்தின் தஸ்ஸாய் 45ஐயும் தஸ்ஸாய் 23ஐயும் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் யமதா நிஷிகி அரிசியில் செய்த ஜுன்மாய் தாய்கின்ஜோ. பெயரில் உள்ள எண்தான் தீட்டிய அளவு. ஒரே வித்தியாசம் வேண்டும் என்ற நிபந்தனைக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி கடையில் எளிதாகக் கிடைக்காது.

ஆல்கஹால் ஜோடி: ஒரே ஆலையின் கின்ஜோவும் ஜுன்மாய் கின்ஜோவும். தீட்டிய எண் இரண்டிலும் ஒன்றாகவோ கிட்டத்தட்ட ஒன்றாகவோ இருக்கட்டும்.

புளிப்பு ஜோடி: ஈஸ்ட்டை வளர்க்கும் தொட்டியில் வேறு கிருமி அண்டாமலிருக்க லாக்டிக் அமிலம் தேவை. இப்போது பெரும்பாலான ஆலைகளில் அதைத் தயாராக வாங்கி ஊற்றிவிடுகிறார்கள்; சுமார் இரண்டு வாரத்தில் வேலை முடியும். கிமோத்தோ, யமஹாய் என்ற பழைய முறைகளில் இட்லி மாவு தானாகப் புளிப்பதுபோல பாக்டீரியாவே அமிலத்தை உண்டாக்கும்வரை காத்திருப்பார்கள். ஒரு மாதம் வரை ஆகும். ஃபுக்குஷிமா மாநில தாய்ஷிச்சியின் கிமோத்தோ ஜுன்மாய், இஷிகாவா மாநில தெங்குமாயின் யமஹாய் ஜுன்மாய் இரண்டுமே பெரிய கடைகளில் கிடைக்கும். ஒன்றை எடுத்து, அதே அளவு தீட்டிய சாதாரண ஜுன்மாய் ஒன்றுக்கு எதிரே வையுங்கள்.

நமா ஜோடி: ஒரே சாகேயின் சூடாக்கியதும் சூடாக்காததும். குளிர்காலம் முதல் வசந்தம் வரை சுலபமாகக் கிடைக்கும். நமாவை வாங்கினால் வீட்டுக்கு வரும்வரை குளிராகவே இருக்க வேண்டும்.

ஊர் ஜோடியைப் பிறகு பாருங்கள். நாதாவின் கடின நீர், ஃபுஷிமியின் மென்மையான நீர், நீகாதாவின் லேசான வறண்ட பாணி என்று படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அரிசி, ஈஸ்ட், ஆலையின் கை எல்லாம் கூடவே மாறுவதால், முதல் நாளே இதை எடுத்தால் எது எதனால் வந்தது என்று தெரியாது.

நீகாதா, எச்சிகோ-யுசாவா ரயில் நிலையங்களில் பொன்ஷுகான் என்ற இடம் உண்டு. சுவர் முழுக்க இயந்திரங்கள். டோக்கன் வில்லையைப் போட்டால் ஒரு சின்னக் கிண்ணம் சாகே வரும். பாட்டில் வாங்காமல் பழக அது அருமையான இடம். அங்கேயும் லேபிள் அழகைப் பார்த்து அங்கொன்றும் இங்கொன்றும் எடுக்காமல், ஜோடியை முடிவு செய்துகொண்டு இயந்திரத்துக்குப் போங்கள்.

3. அளவைத் தீர்மானித்துவிட்டுத் திறங்கள்

ஒரு வகைக்கு 30 மி.லி. போதும். 180 மி.லி. குடித்தாலே உடம்பில் 20 கிராமுக்கு மேல் சுத்த ஆல்கஹால் சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு மூக்கும் நாக்கும் சொல்வதை நம்ப முடியாது. துப்புவதற்கு ஒரு பாத்திரம் வையுங்கள். தொழில்முறையில் ருசி பார்ப்பவர்கள் எல்லாரும் துப்பத்தான் செய்கிறார்கள், கூச்சப்பட வேண்டாம்.

ஜப்பானில் 20 வயது முடிந்திருக்க வேண்டும். குடித்த பின் வண்டி ஓட்டக் கூடாது. சைக்கிளுக்கும் அதே சட்டம்தான், பலருக்கு இது தெரிவதில்லை.

4. அறை, கிண்ணம், தண்ணீர்

நம் வீடுகளில் பெரிய எதிரி தாளிப்பு வாசனை. கடுகு, வெங்காயம், பெருங்காயம் பொரிந்த அறையில் கின்ஜோவின் மணம் எழவே எழாது. சமையலுக்கு முன்பு செய்யுங்கள், அல்லது ஜன்னலைத் திறந்துவிட்டு இரண்டு மணி நேரம் போகட்டும். ஊதுபத்தி, கொசுவத்தி, செண்ட், வாசனை சோப்பு, தலையில் மல்லிகை எதுவும் வேண்டாம். பல் தேய்த்ததும், காபி குடித்ததும், வெற்றிலை போட்டதும் உட்காராதீர்கள்.

கிண்ணங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். வாய் அகன்றதில் ஊற்றிய சாகேயும் குறுகியதில் ஊற்றிய சாகேயும் வேறு வேறு வாசனை தரும். அந்த வித்தியாசத்தைச் சாகேயின் வித்தியாசம் என்று எழுதிவிடுவீர்கள். அடியில் இரண்டு நீல வளையம் போட்ட வெள்ளைப் பீங்கான் கிண்ணம் கிடைத்தால் நல்லது. ருசி பார்ப்பதற்கென்றே அதைச் செய்கிறார்கள். இல்லாவிட்டால் சின்ன ஒயின் கிளாஸ். மரப்பெட்டிக் கிண்ணம் வேண்டவே வேண்டாம், மரவாசனை எல்லாவற்றையும் மூடிவிடும்.

எவ்வளவு சாகேயோ அவ்வளவு தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். ஐஸ் தண்ணீர் நாக்கை மரக்கடிக்கும், சாதாரணத் தண்ணீர்தான் சரி.

5. எல்லாவற்றையும் ஒரே குளிருக்குக் கொண்டுவாருங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இந்தப் படியில்தான். ஒரு பாட்டில் ஃபிரிட்ஜிலிருந்து நேராக வரும், இன்னொன்று கடைப் பையிலிருந்து வரும். 5 டிகிரியில் வாசனை அடங்கி, இனிப்பு குறைந்து, எல்லாமே சுத்தமாகத் தெரியும். அதே சாகே 20 டிகிரியில் இனிப்பாகவும் கனமாகவும் இருக்கும்.

எல்லாவற்றையும் சேர்த்துக் குளிரவைத்து, ஒன்றாக எடுத்து, 15 டிகிரி வரும்வரை விடுங்கள். வீட்டின் வெப்பத்தையும் பாட்டிலின் அளவையும் பொறுத்து நேரம் மாறும். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சூடாக்கும்போதும் தேவைப்படும்.

6. எந்த ஜோடி முதலில்

லேசானதில் தொடங்கிக் கனமானதற்குப் போக வேண்டும். ஹொன்ஜோசோவும் லேசான ஜுன்மாயும் முதலில், கின்ஜோ வகைகள் அடுத்து, அப்புறம் கிமோத்தோவும் யமஹாயும், பிறகு நமா கென்ஷூ, கலங்கலான நிகோரி. வருடக்கணக்கில் முதிர்ந்த கோஷூ கடைசி.

கின்ஜோவைத்தான் எல்லாரும் முதலில் திறக்க ஆசைப்படுவார்கள். ஆனால் அதன் பழ வாசனை மூக்கில் தங்கிவிடும். பின்னால் வரும் ஹொன்ஜோசோ வெறும் தண்ணீராகத் தெரியும். கென்ஷூ முந்திவிட்டால் அதன் ஆல்கஹால் காரத்தில் அடுத்தது எதுவும் ஏறாது.

ஜோடிக்குள்ளும் இதே விதிதான். தஸ்ஸாய் 45ஐ முதலில் பாருங்கள். 23ஐக் குடித்துவிட்டு 45க்குத் திரும்பினால், நல்ல சாகேயான 45 கரடுமுரடாகவும் கசப்பாகவும் தெரியும்.

7. கண்ணால் பார்ப்பது

இதற்கு அரை நிமிடம் போதும். கிண்ணத்தின் நீல வளையத்தின் விளிம்பு கூர்மையாகத் தெரிகிறதா? மங்கினால் கலங்கல் இருக்கிறது. வெள்ளைப் பகுதியில் நிறத்தைப் பாருங்கள். இளமஞ்சள் குறையில்லை; கரியில் வடிகட்டாததும் கொஞ்சம் முதிர்ந்ததும் அப்படித்தான் இருக்கும். தண்ணீர் போலத் தெளிவாக இருந்தால்தான் உசத்தி என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

8. மூக்குக்கு நேரம் கொடுங்கள்

கிண்ணத்தைச் சுழற்றாமல் முதல் முறை முகருங்கள். மூச்சை நீளமாக இழுக்காமல், இரண்டு மூன்று சின்ன இழுப்பு. அப்புறம் லேசாகச் சுழற்றி மறுபடி. இரண்டு கிண்ணத்தையும் மாற்றி மாற்றி முகர்ந்தால், தனியாக முகரும்போது தெரியாதது தெரியவரும். மூக்கு சலித்துப்போனால் உங்கள் முழங்கைச் சட்டையை முகருங்கள், பழையபடி ஆகிவிடும்.

சாகே பற்றிய குறிப்புகளில் வரும் வெளிநாட்டுப் பழங்களின் பெயரை மனப்பாடம் செய்யாதீர்கள். உங்கள் மூக்குக்குத் தெரிந்ததை எழுதுங்கள். கின்ஜோவில் இரண்டு பெரிய வாசனைகள் உண்டு. ஒன்று எத்தில் கேப்ரோயேட், ஆப்பிள் போல வரும். இன்னொன்று ஐசோஅமைல் அசிட்டேட், நன்கு பழுத்த வாழைப்பழம். பூவன் பழத்தை உரித்த வாசனை தெரிந்த நமக்கு இரண்டாவதைப் பிடிப்பது சுலபம். சிலவற்றில் முலாம்பழ வாசனையும் வரும். இவை எல்லாம் ஈஸ்ட் உண்டாக்குபவை, வெளியிலிருந்து எதுவும் சேர்ப்பதில்லை.

ஜுன்மாயில் பழத்தைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். அங்கே சோறு பொங்கும் ஆவி, கஞ்சி, ஊறிய அரிசி, வறுத்த பயறு என்று தேடுங்கள். கிமோத்தோ, யமஹாயில் தயிர், மோர், சில சமயம் காளான். கோஷூவில் பேரீச்சை, கருப்பட்டி, சோயா சாஸ்.

முகர்ந்ததும் எழுதிவிடுங்கள், பேசுவதற்கு முன்பே. கூட்டத்தில் ஒருவர் "மெலன்" என்று சொல்லிவிட்டால் அடுத்த ஐந்து பேருக்கும் மெலன்தான் வரும்.

9. வாயில் மூன்று கட்டம்

முதல் மடக்கைக் கணக்கில் எடுக்காதீர்கள். வெறும் நாக்கில் படும் முதல் ஆல்கஹால் எப்போதும் காரமாகத்தான் இருக்கும். அதைத் துப்பிவிட்டு இரண்டாவது மடக்கிலிருந்து கவனியுங்கள்.

ஒரு தேக்கரண்டி அளவு வாயில் எடுத்து நாக்கு முழுக்கப் படரவிடுங்கள். உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளே இழுத்து, மூக்கு வழியே விடுங்கள். சத்தம் வரும், வரட்டும். கிண்ணத்தில் எழாத வாசனை ஒன்று இப்போது பின் மூக்கில் எழும். நல்ல ஜுன்மாயில் பாதி அழகு இங்கேதான் இருக்கிறது.

மூன்று கட்டமாகக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டவுடன் வருவது: பெரும்பாலும் இனிப்பு, அதன் மென்மை அல்லது முரடு. நடுவில்: புளிப்பு, உமாமி (காளான், இறைச்சிச் சாற்றில் வரும் நிறைவான சுவை), கசப்பு, கனம். துப்பிய பின்: எவ்வளவு நேரம் தங்குகிறது, எப்படி முடிகிறது. சட்டென்று அறுந்ததுபோல முடிவதை ஜப்பானியர்கள் கிரே என்று சொல்லி மிகவும் மதிப்பார்கள். தங்கும் நேரத்தைக் கடிகாரம் பார்த்து எழுதலாம். ஹொன்ஜோசோவையும் கிமோத்தோவையும் பிரித்துக் காட்ட இந்த ஒரு எண்ணே உதவும்.

பிறகு தண்ணீர், ஒரு நிமிட ஓய்வு, அடுத்த கிண்ணம். ஜோடி முடிந்ததும் வரிசையைத் திருப்பி மறுபடி பாருங்கள். இரண்டு வரிசையிலும் நிற்கும் வித்தியாசத்தை மட்டும் நம்புங்கள்.

மதிப்பெண் போட அவசரப்பட வேண்டாம். "பிடித்தது" என்பது ஒரு வரி. "புளிப்பு நடுவில் வந்து முடிவில் மறைகிறது" என்பது இன்னொரு வரி. அடுத்த முறை கடையில் கேட்டு வாங்க உதவப்போவது இரண்டாவது வரிதான்.

10. சூடாக்கி மறுபடி பாருங்கள்

குளிராக எல்லாவற்றையும் முடித்த பிறகே இது. ஜுன்மாய், கிமோத்தோ, யமஹாய், ஹொன்ஜோசோ ஏற்றவை. தாய்கின்ஜோவைச் சூடாக்கினால் வாசனை பறந்து கசப்பு மேலே வருவதுதான் அதிகம்.

தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணையுங்கள். சாகே ஊற்றிய தொக்குரியை (குறுகிய கழுத்துள்ள சின்னக் குடுவை) கழுத்து வரை மூழ்கும்படி வைத்து, தெர்மாமீட்டரை உள்ளே விடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் 40 டிகிரி வரும். ஒரு கிண்ணம் எடுங்கள். 45ல் இன்னொன்று, 50ல் இன்னொன்று. மைக்ரோவேவ் மேலே கொதிக்கவிட்டு அடியைக் குளிராகவே வைத்துவிடும், ஒப்பிடுவதற்கு லாயக்கில்லை. அடுப்பில் நேரடியாக வைத்தால் ஆல்கஹால் ஆவி மூக்கில் குத்தும்.

தாய்ஷிச்சி போன்ற கிமோத்தோவில் இதைக் கவனித்துப் பாருங்கள். 10 டிகிரியில் புளிப்பு முன்னால் நிற்கும், மற்றதெல்லாம் இறுகிக் கிடக்கும். 45ல் புளிப்பு பின்னால் போய், சோற்றின் இனிப்பும் உமாமியும் விரியும். லாக்டிக் அமிலமும் சக்சினிக் அமிலமும் சூட்டில்தான் இதமாக இருக்கும். கின்ஜோவில் வரும் மாலிக் அமிலத்துக்குக் குளிர்தான் பொருத்தம். பிறகு கிண்ணத்தை அப்படியே வைத்து, 35க்கு இறங்கியதும் ஒரு முறை குடியுங்கள். எனக்குப் பிடித்த கட்டம் அதுதான்.

11. கெட்டதைப் பாணி என்று நினைக்காதீர்கள்

ஊறுகாய் முள்ளங்கி அல்லது பழைய முட்டைக்கோஸ் வாசனை வந்தால், வெப்பத்தில் பழசாகிப்போன சாகே. வெயிலோ கடை விளக்கோ அதிகம் பட்டிருந்தால் கருகிய, விலங்குவாடை போன்ற நாற்றம் வரும். நமா குளிரில் இல்லாமல் கிடந்திருந்தால் கொட்டை போன்ற, பாலாடை முற்றியது போன்ற மக்கல் வாசனை. தெளிவாக இருக்கவேண்டியது கலங்கிப் புளித்திருந்தால் பாக்டீரியா வேலை. நிகோரி கலங்கலாக இருப்பது இயல்பு, அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்படி ஒரு பாட்டில் அமைந்தால் அந்த ஜோடியை அன்றைக்கு விட்டுவிடுங்கள். கெட்டதை வைத்து ஒரு பாணியைப் பற்றி முடிவு கட்டினால், வருடக்கணக்கில் அந்தப் பக்கமே போகமாட்டீர்கள். யமஹாய்க்கு இந்தக் கதி அடிக்கடி நேர்கிறது.

12. மறைத்துவைத்துச் சோதியுங்கள்

வித்தியாசம் உண்மையிலேயே தெரிகிறதா, விலை தெரிந்ததால் தெரிகிறதா? மூன்று கிண்ணம் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டில் ஒரே சாகே, மூன்றாவதில் அதன் ஜோடி. ஊற்றுபவருக்கு மட்டும் விடை தெரியும். எது தனி என்று கண்டுபிடியுங்கள். கண்ணை மூடிக் குறிவைத்தாலும் மூன்றில் ஒரு முறை சரியாக வரும் என்பதால், ஒரு முறை சரியாகச் சொன்னதை வைத்து எதுவும் முடிவு செய்யாமல் நாலைந்து சுற்று போங்கள். முதல் கட்டத்தில் தீட்டல் ஜோடியில் பலருக்கும் தவறும். புளிப்பு ஜோடியில் பெரும்பாலும் தவறாது. தவறிய ஜோடியையே அடுத்த மாதம் மறுபடி எடுங்கள்.

13. சாப்பாடும் மறுநாளும்

சாப்பாட்டைக் கடைசியில்தான் கொண்டுவர வேண்டும். உப்பு, சோயா சாஸ் தொட்ட டோஃபு, சுட்ட மீன் போதும். மிளகாய் சேர்ந்ததும் அன்றைய ஒப்பீடு முடிந்துவிடும், அதனால் நம் கறிகள் அதற்கும் பிறகு வரட்டும்.

மிஞ்சியதைச் சின்ன பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி, மூடி, ஃபிரிட்ஜில் நிற்கவையுங்கள். காற்று குறைய இருந்தால் மாற்றமும் குறைவு. மறுநாளும் மூன்றாம் நாளும் அதே கிண்ணத்தில், அதே 15 டிகிரியில் பாருங்கள். தாய்கின்ஜோவின் வாசனை தேய்ந்திருக்கும். யமஹாய் பல சமயம் முதல் நாளைவிட இணக்கமாகியிருக்கும். முதல் நாள் குறிப்புக்குப் பக்கத்திலேயே எழுத, நோட்டில் இப்போதே இடம் விட்டு வையுங்கள்.